‘சனிக்கிழமை சட்டை’யில் டிரம்ஸ் வாசித்தவன்

2025 ஜூலை 8, செவ்வாய்

இயர்போனில் இடது காது செத்துவிட்டது. கம்பெனி பஸ் மேடவாக்கம் தாண்டுவதற்குள் தெரிந்துவிட்டது. வேறு பாட்டாக இருந்தால் ஒற்றைக் காதிலேயே சிறுசேரி வரை கேட்டுக்கொண்டு போயிருப்பேன். ‘சனிக்கிழமை சட்டை’ ஆல்பத்தை அப்படிக் கேட்க முடியாது. இடது காது போனால் கிரீஷின் கிடாரில் பாதி போய்விடும். அண்ணன் மட்டும் வலது பக்கம் தனியாக நின்று கத்திக்கொண்டிருப்பான்.

பக்கத்து சீட்டில் ரோஹிணி, எங்கள் டெஸ்டிங் டீமுக்குப் புதிதாக வந்தவள். என்னக்கா கேக்கறீங்க என்றாள். பவர் பாப் என்றேன். அப்படின்னா? கிரீஷ் அந்தக் காலத்தில் சொன்னதையே சொன்னேன்: “கிடார் சண்டைக்கு வரும், மெட்டு சமாதானம் பண்ண வரும், ரெண்டும் மூணு நிமிஷத்துல முடிஞ்சிடும்.” உயிரோடு இருந்த காதை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு பாட்டு கேட்டாள்.

“நல்லாருக்குக்கா. பழைய விளம்பரப் பாட்டு மாதிரி கீது.”

விளம்பரப் பாட்டாம்! சிறுசேரி வரை நான் வாயைத் திறக்கவில்லை. அவளிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன். அது 2004. பாடியது என் அண்ணன் ஃபிரெடி. கிடாரும் மெட்டும் கிரீஷ். டிரம்ஸ் உமேஷ். சிட்லபாக்கத்தில் உமேஷ் வீட்டு மாடி அறையில், ஜன்னலுக்கெல்லாம் மெத்தையை நிமிர்த்தி வைத்துப் பதிவு செய்தார்கள். ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு யாராவது ஒருவர் தினமும் லேட் என்பதால் குழுவுக்குப் பெயர் ‘கேட் போட்டாச்சு’. பத்துப் பாட்டு. சிடியில் ஏற்றி நண்பர்களுக்குக் கொடுத்தார்கள். அதோடு சரி. போன வாரம்தான் கிரீஷ் முதல் தடவையாக நெட்டில் போட்டிருக்கிறான்.

இருபது வருஷமாக நான் சலிக்காமல் கேட்கிற ஒரே ஆல்பம். அதைப் போய்.

ஜூலை 11, வெள்ளி

சந்தை நாள். பல்லாவரத்தில் பஸ் நகரவே இல்லை. ஆனால் இன்று கோபம் கிடையாது.

சாம்பசிவன் அங்கிள் போன் செய்தார். உமேஷின் அப்பா. “யூனிஸ், அந்தப் பாட்டுக்குக் கீழ யாரோ எழுதியிருக்காம்மா. டிரம்மர் யாரு, இவ்ளோ நாளா எங்க இருந்தார்னு. நான் பதில் எழுதட்டுமா?” எழுதுங்க அங்கிள் என்றேன். என்ன எழுதுவது என்று கேட்டார்.

உமேஷ் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் பைக்கில் வந்துகொண்டிருந்தவனைப் பள்ளிக்கரணையில் தண்ணீர் லாரி பின்னாலிருந்து அடித்தது. ஹெல்மெட் போட்டிருந்தான். தன் பாதையில்தான் வந்துகொண்டிருந்தான்.

கடைசியில் அங்கிள் எழுதினார்: “என் மகன் உமேஷ். கேட்டதற்கு நன்றி.”

ஜூலை 20, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது. வரட்டும்.

அண்ணன் சபைக்குப் போயிருந்தேன். அம்மா அவனோடுதான் இருக்கிறாள், மாதத்தில் ஒரு ஞாயிறாவது வா என்கிறாள். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி. பாஸ்டர் ஃபிரெடி, வெள்ளைச் சட்டை, கையில் மைக். பிரசங்கம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று சாட்சிக்கு, தேவன் தன்னை மீட்ட கதைக்கு, வந்தான்.

“சபையில சில வாலிபர்கள் என் பழைய பாட்டை இன்டர்நெட்ல கேட்டுட்டு, பாஸ்டர் நீங்களான்னு கேக்கறாங்க. ஆமா, நான்தான். ஒரு மாடி ரூம்ல சாத்தானுக்கு மேடை போட்டோம். குடி, போதை, அந்த இசை. மூணும் ஒண்ணா வந்துச்சு. என்கூட டிரம்ஸ் அடிச்ச வாலிபன் அந்த வழியிலயே போனான். ரோட்டுல ரத்தமா கிடந்தான். தேவன் என்னை மட்டும் நெருப்புலேர்ந்து பிடுங்கி எடுத்தார்.”

எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அம்மாவும்.

குடியா? அந்த மாடி அறையில் என்ன குடித்தார்கள் என்று எனக்குத் தெரியாதா? உமேஷின் அம்மா அனுப்பிய ரோஸ் மில்க்கை எவர்சில்வர் தூக்கில் படியேற்றிக் கொண்டுபோனதே நான்தானே! உமேஷ் காபி கூடக் குடிக்க மாட்டான், கை நடுங்கும் என்று.

ஏன் எழுந்திருக்கவில்லை நான்? மூன்றாவது வரிசையில் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேனே.

ஜூலை 21, திங்கள்

சபை யூடியூபில் போட்டுவிட்டார்கள். தலைப்பு: ‘போதையிலிருந்து பீடத்துக்கு’. பின்னணியில் பியானோ வேறு.

ஜூலை 24, வியாழன்

ஆபீஸிலிருந்து நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிட்டேன்.

“அந்த வீடியோவ எடு.”

“உட்காரு யூனிஸ். டீ குடி.”

“உமேஷ் குடிச்சானா?”

“நான் யார் பேரையும் சொல்லலையே.”

“மூணு பேர் இருந்த பேண்டுல டிரம்ஸ் அடிச்சவங்க எத்தன பேருண்ணா?”

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். சிறு வயதிலிருந்தே மாட்டிக்கொண்டால் இதைத்தான் செய்வான். “அது சாட்சி. நாலு பேர் அதைக் கேட்டுக் குடிய விட்டிருக்காங்க. நேத்து ஒருத்தர் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில கொடுத்துட்டு அழுதார். அது உனக்குப் பெருசாத் தெரியலையா?”

“பெருசுதான். அதுக்கு உமேஷ் ஏன் குடிகாரனாகணும்?”

அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். “அண்ணன்கிட்ட பேசற மாதிரியா பேசற? ஊழியக்காரன் மேல கை நீட்டாத.”

“அம்மா, நீ சொல்லு. இவன் எப்ப குடிச்சான்? பாட்டுப் பாடறப்பவா, உமேஷ் செத்தப்பறமா?”

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அண்ணன் குடித்தது இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷத்தில் சானட்டோரியம் ஸ்டேஷன் பிளாட்பாரத்திலிருந்து இவனை அப்பாவும் நானும் தூக்கி வந்தது எத்தனை முறை என்று அவளுக்குத் தெரியும். உமேஷின் சாவுக்குப் போய்விட்டு வந்த அன்றுதான் அது தொடங்கியது என்பதும் தெரியும். அந்தக் குடியிலிருந்து சபைதான் இவனை மீட்டது. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. ஆனால் இவன் கதையைத் திருப்பிப் போட்டுவிட்டான். நண்பன் செத்ததால் குடித்தான் என்பது போய், குடித்ததால் நண்பன் செத்தான் என்று ஆகிவிட்டது. செத்தவன் வந்து இல்லை என்று சொல்லவா போகிறான்?

டீயைத் தொடாமல் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ஜெபராஜ் கதவைத் திறந்தார், முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தோசை ஊற்றினார். அவர் கேட்காதது கூட எரிச்சலாக இருந்தது. பாவம்.

ஜூலை 27, ஞாயிறு

அங்கிள் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார்.

யாரோ தெரிந்தவர் அனுப்பியிருக்கிறார். “உங்கள் மகனின் நண்பர் எவ்வளவு அருமையாகப் பேசுகிறார்” என்று. அந்த ஆளின் விலாசம் கிடைத்தால் தேவலை.

நான் சிட்லபாக்கம் போனபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை. ஆன்ட்டி போனதிலிருந்து அந்த வீட்டில் டிவி நிற்பதே இல்லை. எனக்கு அப்போதே பயமாகிவிட்டது.

திட்டுவார் என்று நினைத்துப் போயிருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைக் கேட்டார்:

“அன்னிக்குக் குடிக்கலைன்னு எனக்குத் தெரியும்மா. ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அதுக்கு முன்னாடி? மாடியில... எனக்குத் தெரியாம?”

“அங்கிள், சத்தியமா இல்ல.”

“நீ என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுவ. ஃபிரெடி கூடவே இருந்த பையன். இன்னிக்கு ஒரு பாஸ்டர். அவன் மேடையில பொய் சொல்லுவானா?”

என் அண்ணன் பொய் சொல்வான் அங்கிள் என்று சொன்னேன். சொன்னேன்தான். ஆனால் அவர் தலையாட்டிய விதத்திலேயே தெரிந்துவிட்டது, அவர் நம்பவில்லை. பதினாறு வருஷம் மகன் இல்லாமல் இருந்த மனுஷனிடம் மிச்சமிருந்தது ஒன்றுதான் - என் பையன் நல்ல பையன் என்பது. அதையும் பிடுங்கிவிட்டான். மைக்கில். பியானோவோடு.

நெருப்பிலிருந்து பிடுங்கினாராம்!

ஜூலை 28, திங்கள்

புது இயர்போன் வாங்கினேன். பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஆல்பம் முழுக்கக் கேட்டேன். ஆசையாகக் கேட்கவில்லை. வக்கீல் மாதிரி கேட்டேன்.

மூன்றாவது பாட்டு, ‘குரோம்பேட்டையில இறங்கிடாத’. லோக்கல் ரயிலில் ஒருவன் ஒருத்தியை இன்னும் ஒரு ஸ்டேஷன் வா என்று கெஞ்சுகிற பாட்டு. “குரோம்பேட்டையில இறங்கிடாத, கதை இன்னும் பாதிதான்.” அவ்வளவுதான் விஷயம். சாத்தான் எந்த ஸ்டேஷனில் ஏறினான் என்று தெரியவில்லை. இரண்டாவது தடவை அந்த வரி வருவதற்கு முன் எல்லாமே நின்றுவிடும். கிடார், பாட்டு எல்லாம். ஒரு மூச்சு அளவுக்கு ஒன்றுமே இருக்காது. உமேஷும் வாசிக்க மாட்டான், காத்திருப்பான். அவசரக்காரனாக இருந்தால் முன்னாலேயே விழுந்திருப்பான், மந்தமானவன் பிந்தியிருப்பான். இவன் மிகச் சரியாக, கதவு மூடுவதற்குள் ரயிலில் தாவுகிற ஆள் மாதிரி, இரண்டு அடி அடித்து உள்ளே வருவான். இத்தனை வருஷத்தில் எத்தனை முறை கேட்டிருப்பேன், அந்த இடம் வரும்போதெல்லாம் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். போதையில் இருந்தவனின் கையா இது?

ஆறாவது பாட்டில், வேகம் மாறாமலே பாட்டு மெதுவானது மாதிரி ஒரு ஏமாற்று இருக்கிறது. கைக்குப் பதில் காலால், பெரிய டிரம்மின் பெடலில் செய்கிறான். அதை அவன் பழகியபோது கீழே கூடத்தில் விளக்கு ஆடியது. ஆன்ட்டி கூரையைப் பார்த்து “மெதுவாடா!” என்று கத்தினாள். அவன் மெதுவாக, ஆனால் அதையே வாசித்தான்.

அண்ணன் குரலும்தான். எவ்வளவு நல்ல குரல். மேல் சுரத்தில் லேசாக உடையும், உடைவதை மறைக்க மாட்டான். இப்போது பிரசங்கத்தில் ஒரு குரல் வைத்திருக்கிறானே, எங்கேயும் உடையாத குரல் - அது அவனுடையதே இல்லை.

இந்த ஆல்பத்தில் யாருக்குமே கோபம் இல்லை, கிடாரைத் தவிர. இன்று நான் கிடாரோடு இருக்கிறேன்.

ஆகஸ்ட் 2, சனி

குரோம்பேட்டையில் கிரீஷின் ரெக்கார்டிங் அறை. யாருடைய கல்யாண வீடியோவுக்கோ மியூசிக் ஒட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் சொன்னேன். அவனும் வீடியோவைப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான்!

“நான் ஆல்பத்தை எடுத்துடறேன் யூனிஸ். அது இல்லாட்டி யாரும் ஃபிரெடிய எதுவும் கேக்கப்போறதில்ல. அவனும் பேசமாட்டான். பிரச்சினையே முடிஞ்சிடும்.”

“எதுக்கு எடுக்கணும்? பொய் சொன்னவன் எடுக்கட்டும்.”

“இந்த வயசுல எனக்கு இந்த பேஜார் வேணாம்.”

“உமேஷ் உன் ஃப்ரெண்டு இல்லையா?”

“ஃப்ரெண்டுதான். அதனாலதான் நாலு பேர் வாயில அவன் பேர் அடிபட வேணாம்னு சொல்றேன்.”

“அடிபட்டாச்சு கிரீஷ்! அவங்கப்பாவே சந்தேகப்படறார். ஆல்பத்தையும் எடுத்துட்டா உமேஷ் பத்தி மிஞ்சப்போறது அந்த வீடியோ மட்டும்தான்.”

அவன் கீபோர்டில் ஏதோ ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே இருந்தான். பிறகு ஆல்பத்தை எடுக்கவில்லை என்றான். அதற்கு மேல் ஒன்றும் செய்யவும் மாட்டான். சரி. ஆண்கள் எல்லாருமே இப்படித்தானா, சத்தத்தைக் கிடாரில் மட்டும்தான் காட்டுவார்களா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பேசிவிட்டேன்.

ஆராதனையில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு, யார் வேண்டுமானாலும் முன்னால் போய்ப் பேசலாம். வேலை கிடைத்தது, காய்ச்சல் போனது, வீசா வந்தது. ஒரு சிஸ்டர் முடித்ததும் நான் எழுந்தேன். ஜெபராஜ் என் கையைப் பிடித்து நிறுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன். அவர் என் கையிலிருந்த பையை வாங்கி வைத்துக்கொண்டார்.

“ஸ்தோத்திரம். நான் பாஸ்டரோட தங்கச்சி யூனிஸ். போன மாசம் இங்க ஒரு டிரம்மரைப் பத்திக் கேட்டீங்க. அவர் பேர் உமேஷ். குடிக்க மாட்டார். வேலைக்குப் போயிட்டு வீட்டுக்குத் திரும்பி வர்றப்ப லாரி அடிச்சு இறந்தார். அவர் இறந்த துக்கத்துலதான் எங்கண்ணன் குடிக்க ஆரம்பிச்சார். ரெண்டு வருஷம். தூக்கிட்டு வந்தவங்கள்ல நானும் ஒருத்தி. கர்த்தர் எங்கண்ணனை மீட்டது உண்மை. ஆனா உமேஷ்கிட்டேர்ந்து மீட்கல.”

கீபோர்டு வாசிக்கிறவர் மெதுவாக ஒரு பாட்டைத் தொடங்கினார், என்னை மூடத்தான். சவுண்டு பார்க்கிற பிரதர் மைக்கைக் குறைத்துவிட்டார். எனக்கு மைக் எதற்கு? கத்தினேன். “உமேஷோட அப்பா சிட்லபாக்கத்துல தனியா இருக்கார். தன் மகன் குடிகாரனான்னு எங்கிட்ட கேக்கறார். பாஸ்டர் பதில் சொல்லணும்.”

“அவ பேசட்டும்” என்றான் அண்ணன். கீபோர்டு நின்றது.

பேசட்டுமாம். இவன் அனுமதி கொடுக்கிறான்! ஆனால் சொல்ல வேண்டியதை அதற்குள் சொல்லி முடித்திருந்தேன். ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல், சொல்லாமலேயே வந்து உட்கார்ந்தேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணன் பைபிளைத் திறந்தான், பக்கத்தைத் தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். கடைசியில் ஜெபம் மட்டும் செய்து சீக்கிரமே முடித்துவிட்டான்.

படியிறங்கும்போது “சாப்ட்டுட்டுப் போலாமா?” என்றார் ஜெபராஜ். பரோட்டா சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

அத்தை போன், சித்தி போன், சபை மூப்பர் போன். சாத்தான் இப்போது என்னிடம் வந்திருக்கிறானாம். அண்ணனிடமிருந்து போன் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

வீடியோ இல்லை. எடுத்துவிட்டான். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சத்தம் போட்டுச் சொன்னதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? பார்த்தவர்கள் பார்த்ததுதானே! அங்கிள் பார்த்தது பார்த்ததுதானே!

அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுத்தாள். பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு, “உன் அண்ணன் சரியா சாப்பிடறதில்ல” என்றாள். அதுவும் என் தப்பாகத்தான் இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சபைக்குப் போகவில்லை. துணி துவைத்தேன். ஆல்பம் கேட்கவில்லை. முதல் தடவையாகக் கேட்கத் தோன்றவில்லை. இதையும் அவன் கெடுத்துவிட்டான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாயங்காலம் அங்கிள் போன்.

“ஃபிரெடி வந்திருந்தாம்மா.”

அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

“சர்ச் முடிச்சிட்டு நேரா வந்தான். இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு வந்தேன் அங்கிள்னான். உமேஷ் குடிச்சதில்ல, நான்தான் குடிச்சேன், அவன் போனத என்னால தாங்க முடியலன்னு. என்கிட்டயும் அதையே சொன்னான். அப்பறம் தலையக் குனிஞ்சு உக்காந்துட்டான். கோவமாத்தான் இருந்துச்சு. போடான்னு சொல்லலாமான்னு கூட நெனச்சேன்.”

“சொல்லியிருக்கணும் அங்கிள்.”

“சொல்லல. வேற ஒண்ணு கேட்டேன். எனக்கு சங்கீதமெல்லாம் தெரியாதும்மா. அந்தப் பாட்டுல எல்லாம் சேந்து ஒரே சத்தமா கேக்கும். அதுல என் பையன் எதுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. யார்கிட்டயும் கேக்க வெக்கமா இருந்தது. அதனால, ஃபிரெடி, உமேஷ் வாசிக்கறது எதுன்னு காட்டுடான்னேன்.”

இத்தனை நாள் அங்கிளிடம் அந்த ஆல்பத்தைப் பற்றி எவ்வளவு பேசியிருப்பேன். இதை நான் யோசிக்கவே இல்லை.

“போன்ல போட்டுட்டு, டீப்பாய் மேல தட்டிக் காட்டினான். இது அவன் அங்கிள், இதுவும் அவன், இது கிரீஷ், விட்டுடுங்கன்னு. ஒவ்வொரு பாட்டா. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சுது. ஒரு இடத்துல எல்லாம் நின்னுபோய் திருப்பி வருதே, அங்க அவனே சிரிச்சிட்டான்.”

அண்ணனுக்குத் தாளமே வராது. எங்கெங்கே தப்பாகத் தட்டினானோ. என் கோபம் போகவில்லை, எழுதி வைக்கிறேன். அவனோடு நான் இன்னும் பேசவில்லை. எப்போது பேசுவேன் என்றும் தெரியாது.

“முழுசும் கேட்டீங்களா அங்கிள்?” என்றேன்.

“கேட்டோம். ஏழாவது பாட்டு வரைக்கும் தட்டினான். அதுக்கு மேல அவனால முடியல, அழுதுட்டான்.” என்றார் அங்கிள். “மிச்சத்த நானே தட்டிட்டேன்மா.”